சரியான விடையும் சரியான காரணமும்: வெடியலைக் கோட்பாடு குறித்த ஒரு விமர்சனம்

ஒரு கோட்பாடு சரியான எண்ணைத் தருகிறது என்பதனாலேயே அது இயற்கையின் உண்மையைச் சொல்கிறது என்று கொள்ளலாமா? பதினோராம் நூற்றாண்டின் முற்பகுதியில் இப்னுல் ஹைதம், ‘அஷ்ஷுகூக் அலா பத்லமியூஸ்’ என்னும் நூலில் தாலமியின் வானியலை நோக்கி எழுப்பிய கேள்வி இதுவே. தாலமியின் வட்டங்கள் கோள்களின் இருப்பிடத்தை ஏறத்தாழச் சரியாகக் கணித்தன. ஆனால் அவ்வட்டங்கள் உணர்த்திய இயக்கம் எந்தப் பருப்பொருளாலும் நிகழ்த்தக்கூடியதன்று. கணிப்பு பலித்தது என்பது, நடக்க இயலாத ஒன்றை நடப்பதாகக் கற்பித்த பிழையை நீக்கிவிடாது என்பது இப்னுல் ஹைதமின் வாதம்.

வானியலுக்கு வெகு தொலைவிலுள்ள ஒரு துறையில் இக்கேள்வி இன்றும் உயிருடன் இருக்கிறது. வெடிபொருள் எவ்வாறு வெடிக்கிறது என்பதை விளக்கும் அறிவியலே அத்துறை. அதன் இரு முதன்மை நூல்களை முன்வைத்து இதனை ஆராயலாம். ஒன்று, வில்டன் ஃபிக்கெட்டும் வில்லியம் டேவிஸும் 1979இல் வெளியிட்ட ‘டெட்டனேஷன்’. மற்றொன்று, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் லீ 2008இல் வெளியிட்ட ‘தி டெட்டனேஷன் ஃபினாமினன்’.

முதலில் ஒரு தெளிவு வேண்டும். எரிதல் வேறு, வெடியலை வேறு. எரிதலில் சுடரின் வெப்பம் அடுத்த அடுக்குக்குக் கடத்தப்பட்டு அதனைப் பற்றவைக்கிறது; அதன் வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழேயே நிற்கும். வெடியலையில் வெப்பக் கடத்தலுக்கு வேலையில்லை. ஓர் அதிர்ச்சி அலை முன்னே பாய்ந்து பொருளை நொடிப்பொழுதில் அழுத்திச் சூடாக்குகிறது. அச்சூட்டில் பொருள் வினைபுரிகிறது. வினையில் பிறக்கும் ஆற்றல் அந்த அலையையே முன்தள்ளுகிறது. காற்றில் மீத்தேன் அமைதியாக எரியும்போது சுடர் நொடிக்குச் சுமார் 40 சென்டிமீட்டர் நகர்கிறது. ஹைட்ரஜன், ஆக்சிஜன் கலவையில் வெடியலையோ நொடிக்குச் சுமார் 2,800 மீட்டர் பாய்கிறது.

நம்மவர் எழுத்துகளில் அடிக்கடி காணும் ஒரு மயக்கத்தை இவ்வேறுபாடு களைகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஹஸன் அர்ரம்மாஹ் வெடியுப்பைத் தூய்மைப்படுத்தும் முறையை விரிவாக எழுதினார், அது பெருமைக்குரியதே. ஆயினும் கருமருந்து விரைந்து எரியும் பொருளே. அதில் உண்மையான வெடியலை எழுவதில்லை. ஆகவே ‘வெடிப்பின் அறிவியலை முஸ்லிம்களே கண்டனர்’ என்பது வரலாறாகாது. அரபு நூல்களே வெடியுப்பைச் ‘சீனப்பனி’ என்று அழைத்துத் தம் கடனை ஒப்புக்கொண்டிருக்கின்றன. பெருமைக்காக வரலாற்றை வளைப்பது அம்முன்னோருக்குச் செய்யும் மரியாதையன்று.

வெடியலை மனிதரின் கவனத்துக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான். ஒரே பொருள், தூண்டும் முறைக்கேற்பச் சில வேளை எரிகிறது, சில வேளை வெடிக்கிறது என்பதை 1860களில் நோபலும் ஏபெலும் கண்டனர். அதற்கு ஏபெல் 1869இல் தந்த விளக்கம், ஒத்த அதிர்வுகள் ஒன்றையொன்று தூண்டுகின்றன என்பது. அது நிலைக்கவில்லை. 1881இல் பெர்த்தலோவும் வியேலும் ஒருபுறம், மல்லார்டும் லெ ஷாத்தெலியேயும் மறுபுறம், குழாய்களில் அடைத்த வாயுக்களில் இந்த அலையை அளந்தனர். பின்னவர் இருவரும் சுரங்கப் பொறியாளர்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் மாண்டவர்களின் கேள்வியே அவர்களை இவ்வாய்வுக்குச் செலுத்தியது என்பதை நாம் மறத்தலாகாது.

அடுத்து வந்ததே இத்துறையின் பெருவெற்றி. 1899இல் இங்கிலாந்தின் டேவிட் சாப்மனும், 1905ஐ ஒட்டி ஃபிரான்சின் எமில் ஷூகேயும், பொருண்மை, உந்தம், ஆற்றல் ஆகிய மூன்றின் அழியாமை விதிகளைக் கொண்டே அலையின் வேகத்தைக் கணித்தனர். இவ்விதிகள் பல வேகங்களுக்கு இடந்தரும். அவற்றுள் எது இயற்கையில் நிகழும்? மிகக் குறைந்ததே என்றார் சாப்மன். வினை முடிந்த வாயு, அலையைச் சார்ந்து ஒலியின் வேகத்தில் விலகுகிற நிலையே என்றார் ஷூகே. இரண்டும் ஒரே விடையைத் தருகின்றன. வேதிவினை எத்தனை விரைவில், எந்தெந்தப் படிகளில் நடக்கிறது என்று அறியாமலேயே, வாயுக்களில் அளந்த வேகத்துக்கு ஓரிரு விழுக்காடு நெருக்கத்தில் விடை கிடைத்தது. இதைக் காட்டிலும் சிக்கனமான கோட்பாடு அரிது.

ஆனால் இங்கேதான் விமர்சகன் நின்று பார்க்க வேண்டும். சாப்மன் தம் தேர்வுக்குக் காரணம் காட்டவில்லை. அளவீட்டோடு பொருந்துகிறது என்பதே காரணமாயிற்று. ‘ஏன் இதுவே?’ என்னும் கேள்விக்கு விடை தேடியவர்கள் ரஷ்யாவின் ஸெல்தோவிச் (1940), அமெரிக்காவின் வான் நாய்மன் (1942), ஜெர்மனியின் டோரிங் (1943) ஆகியோர். போர்க்காலத்தில் வெவ்வேறு நாடுகளில் ஒருவரையொருவர் சாராமல் மூவரும் ஒரே சித்திரத்தை வரைந்தனர்: முன்னணியில் வினையற்ற அதிர்ச்சி அலை, அதன்பின் ஓர் இடைவெளி, அதன்பின் வினை. அதிர்ச்சி முகப்பில் அழுத்தம், வினை முடியும் இடத்திலுள்ள அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ இருமடங்கு உயர்கிறது. வான் நாய்மன் இன்னொன்றையும் காட்டினார்: வினையின் படிகள் சில வகையில் அமைந்தால் சாப்மனின் விதியே பொய்க்கும். பழைய விதிக்குக் காரணம் தேடப் போனவரே அதன் எல்லையைக் கண்டார்.

இச்சித்திரம் அழகானது, சமதளமாய், சீராய் நகரும் ஓர் அலை. இயற்கையில் அத்தகைய அலை பெரும்பாலும் இல்லை என்பதே வியப்பு. 1926இலேயே கேம்பெல்லும் வுட்ஹெட்டும் குழாயினுள் வெடியலையின் முகப்பு திருகுபோல் சுழன்று செல்வதைப் படம்பிடித்திருந்தனர். 1959இல் டெனிசோவும் ட்ரோஷினும், கரி படிந்த பரப்பின்மீது அலையை ஓடவிட்டு, அது மீன்செதில் போன்ற வலைக்கோலத்தை எழுதிச் செல்வதைக் கண்டனர். அலையின் முகப்பு ஒரே தளமன்று. குறுக்கே ஓடும் சிற்றலைகள் ஒன்றோடொன்று மோதி, அணைந்து, மீண்டும் மூண்டு அதனை நடத்துகின்றன. சீரான அலை நிலைகொள்ளாது என்பதை 1960களில் எர்பன்பெக் கணிதத்தால் நிறுவினார். ஆக, கோட்பாடு சொல்லும் அலை வேறு, குழாயில் ஓடும் அலை வேறு. வேகம் மட்டும் ஒன்றே!

இந்த முரணை நம் இரு நூல்களும் எவ்வாறு எதிர்கொள்கின்றன? ஃபிக்கெட்டும் டேவிஸும் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள். எளிய கோட்பாட்டை ஓர் அத்தியாயத்தில் கட்டியெழுப்பிவிட்டு, அடுத்த அத்தியாயத்திலேயே சோதனைகளின் முன் அதனை நிறுத்துகின்றனர். திரவ, திண்ம வெடிபொருள்களில் அக்கோட்பாடு தவறுகிறது என்பதை டேவிஸ் தம் தோழர்களுடன் 1965இலேயே எழுதியிருந்தார். தாம் கற்பிப்பதன் குறையைத் தாமே சொல்லும் இந்த நேர்மையே அந்நூலை இத்தனை ஆண்டுகள் வாழவைத்தது. இதன் நடையோ இறுக்கமானது. கணிதத்தில் ஊறாதவர் நுழைவது கடினம்.

லீயின் நூல் வேறு குணம் உடையது. வரலாற்றில் தொடங்கி, நிலையற்ற அலைகளைக் கணிப்பாலும் சோதனையாலும் காட்டி, எரிதல் வெடியலையாக மாறும் தறுவாய்க்குத் தனி அத்தியாயம் ஒதுக்குகிறது. இயற்பியல் உணர்வு ததும்பும் நூல் இது. ஆயினும் பெரும்பகுதி வாயுக்களோடு நின்றுவிடுகிறது. திண்மப் பொருள்களில் நுண்ணிய சூட்டுப்புள்ளிகள் வெடிப்பைத் தொடங்குகின்றன என்று பௌடனும் யோஃபியும் 1952இல் எழுதிய மரபுக்கு இதில் இடம் குறைவு.

எனினும் முதன்மையான குறை நூல்களினுடையதன்று, துறையினுடையது. ஓர் எடுத்துக்காட்டு போதும். குழாயிலிருந்து திறந்தவெளிக்குப் பாயும் வெடியலை அணையாதிருக்க, குழாயின் விட்டம் அவ்வலையின் செதில் அகலத்தைப்போல் சுமார் 13 மடங்கு இருக்க வேண்டும். சோவியத் ஆய்வாளர்கள் 1960களில் கண்ட இவ்விதி பல எரிவாயுக் கலவைகளுக்குப் பொருந்துகிறது. ஆர்கான் மிகுதியாகச் சேர்ந்தால் பொருந்துவதில்லை. ஏன் 13? அடிப்படை விதிகளிலிருந்து அதற்கு ஏற்கப்பட்ட விடை எதுவும் வந்துவிடவில்லை. செதிலின் அகலத்தையும் பெரும்பாலும் அளந்தே அறிகிறோம். சாப்மனின் காலத்தைப் போலவே, விடை கையில் இருக்கிறது, காரணம் இல்லை.

இது வெறும் ஏட்டுச் சர்ச்சை என்று எவரும் கருதிவிட வேண்டாம். 1921 செப்டம்பர் 21 அன்று ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில், இறுகிப்போன உரக்கலவையை டைனமைட் வைத்துத் தளர்த்தினர். பல்லாயிரம் முறை தீங்கின்றிச் செய்த வேலை அது. அக்கலவை வெடிக்காது என்று சோதனைகளும் சொல்லியிருந்தன. அன்று வெடித்தது, 500க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூத் துறைமுகக் கிடங்கில் ஆறு ஆண்டுகளாகக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட், பக்கத்தில் மூண்ட தீயால் வெடித்தது. 200க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நகரின் பெரும்பகுதி சேதமடைந்தது. அலை ஓடத் தொடங்கிய பின் அதன் வேகத்தைக் கோட்பாடு கணித்துவிடும். இந்தத் தீ அந்த அலையாக மாறுமா என்பதைத்தான் உறுதியாகச் சொல்ல இயலாது. கிடங்கின் அருகில் குடியிருப்பவனுக்கு வேண்டியதோ இந்த இரண்டாவது விடை.

பெய்ரூத்தின் குற்றத்தை இயற்பியலின்மேல் சுமத்துவது தவறு. அது ஆபத்தை அறிந்தும் அசையாதிருந்தவர்களின் குற்றம். ஒப்பாவின் கதை வேறு. அங்கே மனிதர்கள் தம் அறிவை நம்பினர். இதுவரை நடக்காதது இனியும் நடக்காது என்று எண்ணினர். பலித்த கணிப்பு, புரிந்த உண்மையாக வேடமிட்டு நின்றது.

எனவேதான் ஃபிக்கெட், டேவிஸ் நூலின் மூன்றாம் அத்தியாயத்தை நான் அதன் மற்றெல்லாப் பகுதிகளையும்விட உயர்வாக மதிக்கிறேன். தாம் கட்டிய கோட்பாட்டின்மேல் தாமே ஐயம் கொண்டு, அந்த ஐயத்தை மாணவன் கையில் பாடமாக ஒப்படைக்கும் பக்கங்கள் அவை. முன்னோர் நூல்களைப் படிப்பவன் அவர்களை நம்புகிறவனாக அல்ல, அவர்களை விசாரிப்பவனாக இருக்க வேண்டும் என்று இப்னுல் ஹைதம் விரும்பினார். வெடியலையைக் கற்பவனுக்கு அந்த விசாரணை அறிவின் ஒழுக்கம் மட்டுமன்று. அண்டை வீட்டாருக்கு அவன் செலுத்த வேண்டிய கடனும் ஆகும்.