மஞ்சள் பட்டையில் ஒரு புள்ளி

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றின் அங்கன்வாடியில் அக்காவின் பேத்தியை எடை போட்டார்கள். பதினோரு மாதப் பெண் குழந்தை. ஆறு கிலோ எழுநூறு. டீச்சர் இளஞ்சிவப்பு அட்டையில் புள்ளி வைத்துவிட்டு, "மஞ்சள்ல வந்துடுச்சுக்கா" என்றார். அக்கா அசரவில்லை. "எங்க வூட்டுப் புள்ளைங்க சிறுசாத்தான் இருக்கும். இவ அம்மாவும் இப்டித்தான்டா இருந்தா."

அன்றிலிருந்து அந்த அட்டையை ஒரு பிரதியாகவே வாசித்து வருகிறேன். இலக்கியப் பத்திரிகையில் எடை அட்டைக்கு விமர்சனமா என்று கேட்கலாம். எங்கள் குப்பத்தில் நாவல் இருக்கும் வீடு ஒன்றுகூடக் கிடையாது. இந்த அட்டை இல்லாத கைக்குழந்தை வீடும் கிடையாது.

அதை எழுதியவர்கள் யார்? உலக சுகாதார நிறுவனம் 1997 முதல் 2003 வரை பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் சுமார் 8,500 குழந்தைகளை அளந்து, 2006இல் வெளியிட்ட வளைகோடுகள் அவை. நம் அங்கன்வாடிகளுக்கு 2008இல் வந்தன. இந்தியக் குழந்தைகள் தெற்கு டெல்லியின் வசதியான வீடுகளைச் சேர்ந்தவர்கள். இதை முதலில் படித்தபோது எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. டெல்லி பங்களாக் குழந்தையை வைத்து எங்க குப்பத்துக் குழந்தையை அளப்பதா? ஒரு கூட்டத்தில் அப்படியே பேசி, கைதட்டலும் வாங்கினேன்.

இப்போது அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுத்துவிடத் தோன்றுகிறது. அதே ஆய்வின் இன்னொரு கணக்கை அப்போது நான் படித்திருக்கவில்லை. அந்தக் குழந்தைகளின் உயரத்தில் இருந்த வேறுபாட்டில் நாட்டுக்கு நாடு என்பதால் வந்தது 3 சதவீதம்தான். ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை வந்த வேறுபாடோ 70 சதவீதம். தாய்ப்பாலும் நல்ல சாப்பாடும் வைத்தியமும் கிடைத்தால் ஆஸ்லோ குழந்தையும் அக்ரா குழந்தையும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே வளர்கின்றன. ஆக, குழந்தைகள் எப்படி இருக்கின்றன என்று அந்தக் கோடு சொல்லவில்லை. எப்படி இருந்திருக்க வேண்டும் என்று சொல்கிறது. எங்கள் குழந்தைக்கு அப்படிப்பட்ட உரிமை உண்டு என்று எழுதிக் கொடுத்த வேறு காகிதம் எதையும் நான் பார்த்ததில்லை.

இதை மறுப்பவர்கள் உண்டு. 2013இல் பொருளாதார அறிஞர் அரவிந்த் பனகாரியா, இந்தியக் குழந்தைகளை இந்தக் கோட்டால் அளப்பது ஊட்டக்குறைவை மிகைப்படுத்திக் காட்டுகிறது, மரபணு வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை என்று வாதிட்டார். பழவேற்காட்டு அக்காவும் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்! ஆனால் அக்கா அதைச் சொன்னது தன் மகள்மேல் பழி விழாமல் இருக்க. பேராசிரியரின் வாக்கியம் யாரைக் காப்பாற்றுகிறது என்பதுதான் என் கேள்வி.

அட்டையின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அதில் தாயின் பெயருக்குக் கட்டம் உண்டு, தாயின் நேரத்துக்குக் கட்டம் இல்லை. அக்கா மகள் விடியுமுன் எழுந்து, ஏலத்தில் மீன் எடுத்து, கூடையோடு பொன்னேரி போய் வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். இதே ஏரியில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அட்டையோ ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்கிறது. சரிதான், தாய் எங்கே? முகத்துவாரம் மணல் மூடி ஏரியில் பாடு குறையும் மாதங்களுக்கும் அதில் நிறம் கிடையாது.

தண்ணீருக்கும் கிடையாது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி பங்கேற்ற எட்டு நாட்டு மால்-எட் ஆய்வில், வாரம் இரண்டு முறை வீடுவீடாகப் போய் இரண்டு வயதுவரை குழந்தைகளைப் பார்த்தார்கள். வயிற்றுப்போக்கே இல்லாத குழந்தையின் குடலிலும் கிருமிகள் தங்கி வளர்ச்சியை இழுத்துப் பிடிப்பது அதில் தெரியவந்தது. "நல்லாத்தானே சாப்புடுது" என்று அக்கா சொல்வதும் உண்மைதான், மஞ்சள் புள்ளியும் உண்மைதான்.

அட்டையை வைத்து என்ன செய்வது என்பதிலும் நமக்கு ஒரு பழைய கதை உண்டு. 1980இல் உலக வங்கிக் கடனில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துணவு. தேறினால் உணவு நின்றுவிடும். சிக்கனமான யோசனை, உலகம் பாராட்டிய யோசனையும்கூட. எனக்கு அதில் உறுத்துவது ஒன்றுதான்: நோய் வந்தவனுக்கு மருந்து தருவதுபோல, விழுந்த பிறகுதான் சோறு.

அடுத்த மாதமும் அக்காவோடு போனேன். தராசில் கிடத்தும்போது அக்கா, "கவுன கயட்டாதீங்க டீச்சர், பனியா இருக்குது" என்றாள். வெளியே நல்ல வெயில். கவுனோடு ஏழு கிலோ காட்டியது. டீச்சர் ஒன்றும் சொல்லாமல் கவுனைக் கழற்றி அக்கா மடியில் வைத்தார். ஆறு கிலோ எண்ணூற்றைம்பது. புள்ளி மஞ்சளிலேயே விழுந்தது, போன மாதத்தைவிடக் கொஞ்சம் மேலே. அக்கா அட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, விரலால் இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.