சலங்கை ஒலியும் சலித்துப்போன மாணவியும்

டான்ஸ் கிளாஸுக்குப் போகப் பிடிக்கவில்லை என்று சொல்லும் பிள்ளையிடம் பெரியவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வைத்தியம் உண்டு: “சலங்கை ஒலி பாரு, மறுபடி ஆசை வந்துடும்.” எனக்கும் சொன்னார்கள். கமல் ஆடுவதைப் பார்த்து அழுகைதான் வந்தது, ஆசை வரவில்லை. ஏன் வரவில்லை என்று யோசித்ததில் சேர்ந்த குறிப்புகள் இவை. படத்தைக் குறை சொல்வது நோக்கமில்லை. நாட்டியப் பித்து என்றால் என்ன என்று இந்தப் படம் நமக்குள் ஒரு சித்திரத்தைப் போட்டுவைத்திருக்கிறது. அந்தச் சித்திரம் கற்றுக்கொள்ளும் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பதுதான் கேள்வி.

கே. விஸ்வநாத் தெலுங்கில் ‘சாகர சங்கமம்’ என்று 1983இல் எடுத்த படம் இது. பாலுவுக்கு எல்லா இடியும் வெளியிலிருந்துதான் விழுகிறது. வறுமை. டெல்லி நாட்டிய விழாவில் ஆட வாய்ப்பு வரும் நேரத்தில் அம்மாவின் சாவு. காதலித்த மாதவிக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருப்பது. பிறகு குடி. இவ்வளவுக்கும் நடுவில் ஒரே ஒரு விஷயம் மட்டும் நடக்கவே இல்லை: பாலுவுக்கு நாட்டியம் சலிக்கவில்லை. ஒரு நாள்கூட. குடித்துவிட்டுக் கிணற்றின் விளிம்பில் ஏறி ஆடும்போதும் அந்த உடம்பு நாட்டியத்தை விடவில்லை. வாழ்க்கை அவனைக் கைவிட்டது, கலை கைவிடவில்லை என்பதுதான் படத்தின் கணக்கு.

இதில் ஒரு பொறி இருக்கிறது. உண்மையான கலைஞனுக்குக் கலை சலிக்காது என்று படம் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் பார்க்கிற பிள்ளை அப்படித்தான் எடுத்துக்கொள்கிறாள். அவளுக்கு அம்மா நன்றாக இருக்கிறார், வீட்டில் ஃபீஸ் கட்டுகிறார்கள், குடிப்பழக்கம் கிடையாது. வெளியே ஒரு தடையும் இல்லாமலே சலிக்கிறது. நாட்டியமே சலிக்கிறது. அப்படின்னா? “எனக்கு நிஜமான ஆர்வமே இல்லை போல” என்ற முடிவுக்கு வருகிறாள். வீட்டிலும் வகுப்பிலும் “சிரத்தை இல்லை” என்ற வார்த்தை ஏற்கெனவே காத்திருக்கிறது.

படத்திலேயே ஒரு மாணவி உண்டு. எஸ்.பி. ஷைலஜா நடித்த பாத்திரம், பெயரும் ஷைலஜாதான். பத்திரிகையில் விமர்சனம் எழுதும் பாலு அவள் ஆட்டத்தைக் கடுமையாகக் குறை சொல்கிறான். குறை நியாயமானதுதான். ஆனால் அவள் ஏன் அப்படி ஆடுகிறாள் என்று படம் விசாரிப்பதில்லை. கர்வம் என்று ஒரு விடையை வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. மேடையில் சிரிக்கும் அந்தப் பெண்ணுக்கு அந்த உருப்படி எத்தனை மாதமாக அலுத்திருக்கும்? அவளாகத் தேர்ந்தெடுத்ததா, கையில் கொடுக்கப்பட்டதா? கேமரா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

சரி, பர்ன்அவுட் என்றால் என்ன? உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில் இதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது. இதை நோய் என்று அவர்கள் சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்கிறார்கள். மூன்று அடையாளங்கள்: தெம்பு தீர்ந்துபோன உணர்வு, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகிக் கசந்துபோவது, நம்மால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லை என்ற எண்ணம். கண்டிப்பாகப் பார்த்தால் இது பணியிடத்துக்கான விளக்கம், டான்ஸ் கிளாஸுக்கு எழுதியது இல்லை. ஆனாலும் ஒரு விஷயத்துக்காக அதைக் கடன் வாங்கலாம். காரணத்தை அது ஆளின் குணத்தில் தேடவில்லை. கவனிக்கப்படாமல் நீண்டுபோன வேலை அழுத்தத்தில் தேடுகிறது. அதாவது “உனக்கு என்ன குறை?” என்று கேட்காமல் “உன் வேலை எப்படி அமைந்திருக்கிறது?” என்று கேட்கிறது.

அந்தக் கேள்வியை நாட்டிய வகுப்பில் கேட்டுப் பார்ப்போம். முதல் சில வருஷம் அடவு. தட்டடவு, நாட்டடவு, மூன்று காலத்திலும். பிறகு உருப்படிகள்: அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம். வர்ணம் மட்டுமே அரை மணி, முக்கால் மணி ஓடும். தீர்மானங்கள் மட்டுமில்லை, சஞ்சாரியும் முதலிலேயே முடிவாகியிருக்கும். எந்த வரியில் எத்தனையாவது முறை கண் எங்கே போக வேண்டும் என்பதுவரை. எல்லாம் ஒரு தேதியை நோக்கி ஓடும். அரங்கேற்றத்துக்கு ஹால், பக்கவாத்தியம், உடை, அழைப்பிதழ், சாப்பாடு என்று வீட்டின் பெரிய செலவுகளில் ஒன்று காத்திருக்கும். நான் கற்ற இடத்திலும் கடைசி ஆறு மாதம் ஒரே வர்ணம்தான். எங்கள் குழுவில் ஒருத்திக்கும் அந்த வர்ணத்தில் ஒரு அசைவைக்கூடத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வரவில்லை. அரங்கேற்றம் முடிந்த பிறகு பாதிப் பேர் வகுப்புப் பக்கம் வரவில்லை. நானும் இரண்டு வருஷம் போகவில்லை.

அரங்கேற்றம் என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். பரம்பரையாக ஆடிய குடும்பங்களில் அது தொழிலின் முதல் நாள். பாலசரஸ்வதிக்கு 1925இல் காஞ்சிபுரத்தில் அரங்கேற்றம் நடந்தபோது வயது ஏழு. அங்கிருந்துதான் அவருக்கு நாட்டியம் ஆரம்பம். இன்று பல வீடுகளில் அதே சொல் பட்டமளிப்பு விழாவைக் குறிக்கிறது. முடிவுக்கோட்டைத் தொட்டவர் உட்கார்ந்துவிடுவதில் என்ன ஆச்சரியம்?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் வரும். அடவு சுத்தமே வராதவளுக்குச் சுதந்திரம் எதற்கு? திரும்பத் திரும்பச் செய்யாமல் எந்தக் கலை வந்திருக்கிறது? உண்மைதான். பாலசரஸ்வதியின் குரு கந்தப்பப் பிள்ளை கண்டிப்புக்குப் பேர்போனவர். ஆனால் அந்தக் கண்டிப்புக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் இருந்தது. பாட்டி வீணை தனம்மாள், அம்மா ஜெயம்மாள். வீடு முழுக்கச் சங்கீதம். ஒரே பதத்தை வேறு வேறு விதமாகப் பாடிக் கேட்டு வளர்ந்த குழந்தை அது. வகுப்பில் மாறாத பாடம், வீட்டில் மாறிக்கொண்டே இருக்கும் பாட்டு. நாம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டோம். கண்டிப்பு இருக்கிறது, மாறும் பாட்டு இல்லை. பலருக்கு ஆடும் பாட்டே ரெக்கார்டிங்கில் வருகிறது. அது என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

அந்த பாலசரஸ்வதிக்கே 1940களில் மேடை பெரிதும் குறைந்துபோனது. குரு அல்மோராவில் இருந்த உதய் சங்கரின் மையத்துக்குப் போனார், பிறகு காலமாகிவிட்டார். உடம்பும் ஒத்துழைக்கவில்லை. அவர் குலத்துப் பெண்கள் ஆடுவதையே தவறாகப் பார்த்த காலம் அது. மீண்டு வந்தபோது அவரைப் பெரிய ஆளாக்கியது வேகமோ ஜதியோ இல்லை. பதம். ஒரு வரியைப் பாடிக்கொண்டே, அதே வரிக்கு அந்த நேரத்தில் தோன்றும் அர்த்தங்களை ஒவ்வொன்றாகத் திறந்து காட்டும் அபிநயம். 1975இல் தமிழ் இசைச் சங்கத்தில் பேசும்போது அவர் நாட்டியக் கச்சேரியின் வரிசையை ஒரு கோயிலுக்குள் நடப்பதோடு ஒப்பிட்டார். அலாரிப்பு கோபுரம் என்று தொடங்கும் அந்த ஒப்புமையில், வர்ணத்தின் விரிவுக்குப் பிறகு பதத்தில் ஒரு அமைதி வருகிறது. இன்றைய அரங்கேற்றங்களில் பலதிலும் பதம் என்பது வர்ணத்துக்கும் தில்லானாவுக்கும் நடுவே மூச்சு வாங்கிக்கொள்ளும் இடம். அவர் மீண்டும் எழுந்த இடம் எதுவோ, அதை நாம் இடைவேளை ஆக்கிவிட்டோம்.

இன்னொருவர் சந்திரலேகா. 1952இல் மேடையேறியபோது அது ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கான நிகழ்ச்சி. ஆடிய உருப்படியோ யமுனைத் தண்ணீரில் விளையாடும் பெண்களைப் பற்றியது. மேடையில் தண்ணீர் பொங்குகிறது, வெளியே குடிக்கத் தண்ணீர் இல்லை. இந்த முரண் ஆடும்போதே அவரைத் தாக்கியதாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். 1972இல் ‘நவக்கிரகா’ செய்த பிறகு பத்து வருஷத்துக்கு மேல் புது நாட்டியம் எதுவும் இல்லை. எழுதினார், போஸ்டர் வடிவமைத்தார், பெண்கள் இயக்கங்களில் வேலை செய்தார். 1985இல் ‘அங்கிகா’வோடு திரும்பினார். களரிப்பயட்டு, யோகா, கூடவே பரதத்தின் சுத்தமான அடவுகள். விட்டுப்போன அதே கச்சேரிக்கு அவர் திரும்பவில்லை. உடம்பு என்றால் என்ன, அது எங்கிருந்து நிமிர்கிறது என்ற கேள்வியோடு அரைமண்டிக்குத் திரும்பினார்.

ஒருவர் பாட்டுக்குள் போனார், இன்னொருவர் கேள்வியோடு வெளியே போய் வந்தார். வழிகள் நேர் எதிர். ஆனால் இருவரிடமும் பொதுவாக ஒன்று தெரிகிறது: திரும்பி வந்தபோது கையில் இருந்தது தங்களுடைய ஒன்று. ஓய்வு மட்டும் இதைச் செய்திருக்காது. ஓய்வு தெம்பைத் திருப்பித் தரும். கசப்பு போக வேண்டுமானால், ஆடுவதில் ஏதோ ஒரு துளியாவது ஆடுபவளுடையதாக இருக்க வேண்டும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் போய் பத்து வருஷம் ஓய்வெடு என்று யாரும் சொல்லப்போவதில்லை. சின்ன அளவில் என்ன செய்யலாம்? முதலில் எது தீர்ந்துபோயிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கணும். முட்டி வலி, குதிகால் வலி என்றால் அது ஊக்கப் பேச்சுக்கான விஷயமே இல்லை, டாக்டரிடம் போகணும். சிமெண்ட் தரையில் வருஷக்கணக்காகத் தட்டும் கால் அது. எதிலுமே பிடிப்பில்லை, தூக்கமில்லை என்றால் அதுவும் நாட்டியப் பிரச்சினை இல்லை, அதற்கும் தகுந்த உதவி வேண்டும். களைப்பு என்றால் தேதி குறித்து ஒரு இடைவெளி, குத்திக்காட்டாமல்.

கசப்பு என்றால்தான் வேறு வழி. எனக்கு உதவியது, திரும்பப் போனபோது வர்ணத்தைத் தொடாமல் இருந்தது. ஒரு பதத்தில் ஒரே வரி. முதலில் அதைப் பாடக் கற்றுக்கொண்டேன், சுமாராகத்தான். பிறகு அந்த வரியைக் கோபமாக, கேலியாக, களைப்பாகச் செய்து பார்த்தேன். முக்கால்வாசி நன்றாக இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் நாலாவதாக ஒன்று தோன்றியது. பல வருஷம் கழித்து, வகுப்பு முடிந்த பிறகும் மனசு வகுப்பிலேயே இருந்தது அன்றைக்குத்தான். தட்டுக்கழி பிடித்து மற்றவர்களுக்கு நட்டுவாங்கம் சொல்லிப் பழகியதும் அப்படித்தான். காலில் சலித்த தாளம் கையில் புதிதாக இருந்தது.

ஆசிரியர்கள் இதற்காகப் பாடத்திட்டத்தை மாற்ற வேண்டியதில்லை. வாரத்தில் பத்து நிமிஷம், ஒரு வரி, “நீ என்ன செய்வே?” என்ற கேள்வி. அடவு சுத்தம் கெட்டுப்போகாது.

படத்துக்கே திரும்புகிறேன். பாலுவின் பித்தைக் காட்டும் காட்சி என்றால் எல்லோரும் கிணற்றைத்தான் சொல்வார்கள். நான் பத்திரிகை அலுவலகக் காட்சியைச் சொல்வேன். விமர்சனத்தால் வந்த சண்டை. குடியில் சிதைந்த மனுஷன், நடுவயது, யாரும் மதிப்பதில்லை. ஷைலஜா ஆடிய அதே பகுதியை எடுத்து, பரதத்தில் இது எப்படி இருக்கும், கதக்கில் எப்படி, கதகளியில் எப்படி என்று அங்கேயே ஆடிக் காட்டுகிறான். முகம் மாறிவிடுகிறது. ஒரே விஷயத்தை வேறு வேறு விதமாகச் செய்து பார்க்கும் சந்தோஷம் அது. ஷைலஜாவுக்கு அந்த அறையில் கிடைத்தது அவமானம் மட்டும்தான். அந்தச் சந்தோஷத்தை யாராவது அவளுக்கு முன்பே கொடுத்திருக்கலாம்.