நட்ட கையும் நாவலும்

1968 டிசம்பர் 25, கிறிஸ்து பிறப்பு நாளன்று இரவு, கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் சிறாருமே. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ (1975) அக்கொடுமையை மறக்கவொட்டாமல் நிலைநிறுத்திய நாவல். 1977இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. ஆயினும் நிலக்கிழாரின் வன்மத்துக்கு ஆசிரியர் அவரது ஆண்மைக் குறையைக் காரணமாக்கும்போது, நாற்று நட்டுக் களையெடுத்த பெண்ணின் கூலிக் கணக்கு பின்னுக்குப் போய்விடுகிறது. சமூகப் பாவம் ஒருவனின் மனநோயாகச் சுருங்குகிறது.

நிலமே அவளுக்கு உரிமையானால்? நாவல் எழுப்பாத இவ்வினாவுக்கு, 1981இல் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் தம் கணவருடன் தொடங்கிய ‘லாப்டி’ இயக்கம் விடை தந்தது; நிலத்தை விலைபேசி வாங்கி, நிலமற்ற தலித் பெண்களின் பெயரிலேயே பதிவு செய்தது.

வாசக அன்பர்களே, நாவலை அவசியம் படியுங்கள். படித்தபின், உங்கள் வீட்டு வயலின் பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள்.