மீனுக்கு நீதி கேட்ட நூல்

ஆற்றைப் பாடாத புலவர் இல்லை. ஆனால், அவ்வாற்றில் வாழும் மீனுக்காக வழக்குரைத்த எழுத்தாளர் மிகச் சிலரே. அமெரிக்க அறிஞர் ஹென்றி டேவிட் தோரோ அச்சிலருள் ஒருவர். 'வால்டன்' என்னும் நூலால் உலகப் புகழ் எய்திய அவர், அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன்பே, 1849இல், தம் முதல் நூலை வெளியிட்டார். 'கான்கார்டு, மெரிமாக் ஆறுகளில் ஒரு வாரம்' என்பது அதன் பெயர். அச்சிட்ட ஆயிரம் படிகளுள் 706 படிகள் விலைபோகாமல் 1853இல் அவரிடமே திரும்பி வந்தன.

இத்தோல்விக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1839இல் தம் தமையனார் ஜானுடன் மேற்கொண்ட படகுப் பயணமே நூலின் கரு. இரு வாரப் பயணத்தை ஏழு நாள்களாகச் சுருக்கி, நாளுக்கோர் இயல் வகுத்துள்ளார். ஆயினும், சமயம், நட்பு, பண்டை இலக்கியம் எனப் பேச்சுப் பல திசைகளில் கிளைப்பதால், படகு அடிக்கடி கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. பயண நூலை நாடிய வாசகர் சலிப்புற்றதில் வியப்பில்லை.

எனினும், 'சனிக்கிழமை' இயலில் வரும் மீன் பகுதி ஒன்றே இந்நூலை வாழவைக்கப் போதுமானது. சால்மன், ஷாட், ஏல்வைஃப் ஆகியவை கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறிவரும் மீன்கள். மலேசிய மக்கள் அறிந்த தெருபோக் மீன், ஷாட் மீனுக்கு உறவானது. பில்லெரிக்கா ஊரில் கான்கார்டு ஆற்றின் குறுக்கே நின்ற அணையும், கால்வாயும், லோவெல் நகர ஆலைகளும் இம்மீன்களின் வழியை அடைத்தன. பிறர் இதனை மீன்வளக் குறைவு என்பர். தோரோ அநீதி என்கிறார். அணைமுன் வந்து தயங்கும் ஷாட் மீன் அவர் எழுத்தில் உணவுப் பொருளன்று. உரிமை இழந்த வழக்காளி. ஒரு கடப்பாரையால் அவ்வணையை என்ன செய்ய இயலும் என்றுகூட அவர் எண்ணிப் பார்க்கிறார். தேங்கிய நீரால் புல்வெளிகளை இழந்த உழவரின் நலனையும் மீனின் நலனோடு இணைத்துக் காண்கிறார். இரக்கம் நீதிக் குரலாக மாறும் இவ்விடமே நூலின் சிகரம்.

ஆனால், தீர்வு கூறும் இடத்தில் எழுத்துத் தளர்கிறது. மீன்கள் பொறுத்திருந்தால், சில ஆயிரம் ஆண்டுகளில் இயற்கையே அணையையும் ஆலைகளையும் தகர்த்துவிடும் என்று அவர் ஆறுதல் கொள்கிறார். அழகிய நம்பிக்கைதான், எனினும், இந்த ஆண்டு முட்டையிட வந்த மீனுக்கு அதனால் பயனில்லை. உழவர்தம் முயற்சியால், அவ்வணையைத் தாழ்த்த 1860இல் சட்டம் இயற்றப்பட்டது. 1862இல் அது நீக்கப்பட்டது. அவ்வாண்டு மே மாதத்தில் தோரோவும் மறைந்தார்.

அவர் கண்ட கனவு, அதே நியூ இங்கிலாந்துப் பகுதியில், வேறோர் ஆற்றில் நனவாயிற்று. மெய்ன் மாநிலத்துக் கென்னபெக் ஆற்றில் எட்வர்ட்ஸ் அணை 1837இல், அதாவது தோரோவின் பயணத்துக்கு ஈராண்டு முன்னர், எழுந்தது. அது ஈன்ற மின்னாற்றல் 3.5 மெகாவாட் மட்டுமே. மீன் ஏறும் வழி அமைப்பதைவிட அணையை அகற்றுவதே செலவு குறைந்தது என்று கணக்கிட்ட நடுவண் எரிசக்தி ஆணையம், 1997இல் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 1999 ஜூலை முதல் நாள் அணை உடைக்கப்பட்டது. ஏறத்தாழ 27 கிலோமீட்டர் ஆறு திறந்தது. கிளையாற்றிலிருந்த ஃபோர்ட் ஹாலிஃபாக்ஸ் அணையும் 2008இல் அகற்றப்பட்டபின், ஏல்வைஃப் மீன்கள் பல இலட்சமாக ஏறி வந்தன. சால்மன் மட்டும் இன்னும் சிலவே வருகின்றன. மேலே வேறு அணைகள் நிற்கின்றன.

ஆக, தோரோவின் நூல் பாதி வழி வந்த நூல். மீனின் பக்கம் நீதி இருப்பதை அது கண்டது. அந்நீதியை மன்றம் ஏற்றும் வழியைக் காணவில்லை. அவ்வழியைப் பின்வந்தோர் சட்டத்தாலும் கணக்காலும் கண்டனர். ஆயினும், மீனும் ஒரு வழக்காளி என்ற எண்ணம் முதலில் பிறவாதிருப்பின், அக்கணக்கை எடுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றியிராது. இயற்கையைப் பற்றி எழுத முனையும் மாணவர், ஆற்றின் அழகோடு நின்றுவிடாமல், அதில் வழியிழந்த உயிர் எது, வழியை மறித்தது எது என்று வினவும் பழக்கத்தை இந்நூலிலிருந்து பெறலாம்.