ஸ்லாக்வேரின் ஒற்றைக் காவலர்

லினஸ் டொர்வால்ட்ஸ் எழுதியது லினக்ஸின் கெர்னலை மட்டும்தான். அதனுடன் ஷெல், கம்பைலர், எடிட்டர் எல்லாவற்றையும் சேர்த்து, கணினியில் நிறுவத் தோதாகத் தொகுத்துத் தருபவர்கள் வேறு ஆட்கள். 'டிஸ்ட்ரோ' என்பது அவர்களுடைய கைவேலை. 1992இல் பீட்டர் மெக்டொனால்ட் தொகுத்த எஸ்.எல்.எஸ். பரவலாகப் புழங்கியது, பிழைகளும் மலிந்திருந்தன. அந்த எரிச்சலிலிருந்து அடுத்த ஆண்டே இரண்டு தொகுப்புகள் வந்தன. ஜூலையில் ஸ்லாக்வேர், ஆகஸ்டில் இயன் மர்டாக் அறிவித்த டெபியன். இரண்டும் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

டெபியன் சாசனமும் தேர்தலும் கொண்ட அமைப்பாக வளர்ந்தது. ஸ்லாக்வேரின் ஜெர்மன் வடிவமாகத் தொடங்கிய சூசேயும், ரெட் ஹாட்டும் நிறுவனங்களாயின. ஸ்லாக்வேர் மட்டும் பேட்ரிக் வோல்கர்டிங் என்ற தனிமனிதரின் தீர்ப்பிலேயே நின்றுவிட்டது. மினசோட்டாவின் மூர்ஹெட்டில் மாணவராக இருந்தபோது, பேராசிரியர் ஒருவரின் லிஸ்ப் மொழித் தேவைக்காக எஸ்.எல்.எஸ்.ஸைத் திருத்தத் தொடங்கியவர் அவர். முதல் வெளியீடு 24 பிளாப்பிகளில் அடங்கியது.

அவரை மதிப்பிட, அவர் சேர்க்காதவற்றைப் பார்க்க வேண்டும். மற்ற டிஸ்ட்ரோக்களில் ஒரு மென்பொருளைக் கேட்டால், அதற்குத் தேவையான துணைப் பொதிகளும் தாமாக வந்து இறங்கும். ஸ்லாக்வேரின் பொதிக் கருவி அந்தச் சார்புகளைக் கணக்கிடுவதில்லை. பொதி என்பது சுருக்கிக் கட்டிய கோப்புகள், ஒரு சிறு ஸ்கிரிப்ட், அவ்வளவே. லைப்ரரி ஒன்று இல்லையென்றால் தேடிச் சேர்ப்பது பயனர் பாடு. புதியவர்கள் இதைத் திட்டுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் கணினியில் எது எங்கே, ஏன் இருக்கிறது என்று திறந்து பார்த்துப் புரிந்துகொள்ள முடிவதும் இதனால்தான். கணினி எழும்போது ஓடுபவையும் யாரும் வாசிக்கக்கூடிய ஷெல் ஸ்கிரிப்டுகளே. இந்தத் தொடக்க வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்ளும் சிஸ்டம்டி என்ற மென்பொருள் பெரிய டிஸ்ட்ரோக்களை வென்றபோது, டெபியனில் சண்டை முற்றி தெவுவான் என்ற கிளை பிரிந்தது. அதை ஏற்காத ஸ்லாக்வேரில் அப்படி ஒரு பிளவு வரவில்லை.

இதை வெறும் பிடிவாதம் என்று ஒதுக்க முடியாது. பராமரிக்கும் சுமையைச் சொல்லி 2005இல் க்னோம் டெஸ்க்டாப்பைக் கைவிட்டவர், பல்லாண்டு தள்ளிவைத்த பாம் என்ற உள்நுழைவுச் சரிபார்ப்பு முறையை 15.0 பதிப்பில் ஏற்றுக்கொண்டார். விளையாட்டும் உண்டு: மற்றவர்களின் பதிப்பு எண்கள் முந்திக்கொண்டிருந்த 1999இல், ஸ்லாக்வேர் 4இலிருந்து நேரே 7க்குத் தாவியது.

பலவீனம் பணத்தில் இருந்தது. ஸ்லாக்வேரை விற்ற கடையிலிருந்து தனக்கு வருமானம் நின்றுபோனதை 2018இல் அவரே சொன்ன பிறகுதான் பயனர்கள் பலருக்கு நிலைமை தெரிந்தது. பிறகு பேட்ரியான் என்ற நிதியுதவித் தளம் வழியாக நேரடியாக உதவினார்கள். 2016இல் வந்த 14.2க்குப் பின் 15.0 வர 2022 பிப்ரவரி ஆனது. அந்த இடைவெளியில் ஸ்லாக்வேர் செத்துவிட்டது என்று பேசியவர்கள் மாற்றங்களைப் பதியும் சேஞ்ச்லாக் கோப்பைத் திறந்து பார்க்காதவர்கள். சோதனைக் கிளைக்கு ஓயாமல் புதுப்பிப்புகள் வந்துகொண்டிருந்தன. நியாயமான கவலை வேறு: தலைவர் விலகினால் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க டெபியனில் எழுதப்பட்ட விதி இருக்கிறது, ஸ்லாக்வேரில் வோல்கர்டிங்தான் இருக்கிறார்.