தங்கவயல் உரைகல்

கிருஷ்ணகிரியிலிருந்து குப்பம் சாலையைப் பிடித்தால் கோலார் தங்கவயல் வெகுதூரமில்லை. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே சுரங்கத் தொழிலில் இறங்கியதும், வடாற்காடு, பழைய சேலம் மாவட்டச் சேரிகளிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். உயிருக்கு உத்தரவாதமில்லாத வேலைதான். ஆனால் கூலி காசாகக் கைக்கு வந்தது. நெல்லை அளந்து போட மிராசுதார் இல்லை. அந்தக் காசை வைத்து அவர்கள் கட்டியதை உரைகல்லாகக் கொண்டுதான் நம் விடுதலை மரபின் பள்ளிகளை உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

முதற்பள்ளி அயோத்திதாசருடையது. 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம். 1907 ஜூனில் ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ். இழிவு பிறவியில் வந்ததல்ல, பிறகு சுமத்தப்பட்டது என்பது அவர் வாதம். தங்கவயலின் மாரிகுப்பத்தில் சங்கக் கிளை எழுந்தது. சுரங்கத்தார் இதழை வாங்கிப் படித்ததோடு நிற்காமல் பணமும் அனுப்பினார்கள். 1914இல் அவர் மறைந்தார். பின்னர் நின்றுபோன இதழை 1926இல் ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே மறுபடி கொண்டுவந்தார். சொந்த ஏடு, சொந்தப் பதிப்பு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் சொந்தச் சடங்கு. அமெரிக்காவில் ஸ்டோக்லி கார்மைக்கேலும் சார்லஸ் ஹாமில்டனும், பொதுச் சமூகத்துக்குள் நுழையுமுன் கறுப்பர்கள் தம் அணியைத் தாமே திரட்ட வேண்டும் என்று எழுதியது 1967இல். மாரிகுப்பத்தார் அறுபது ஆண்டு முந்திக்கொண்டார்கள்.

1930ஐயும் சொல்லியாக வேண்டும். புதுப் பதிவு முறையில் சுரங்கத் தொழிலாளி ஒவ்வொருவரும் கைரேகை வைக்க வேண்டும் என்றார்கள். குற்றவாளியிடம் கேட்பதை உழைப்பாளியிடம் கேட்பதா என்று ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்க மறுத்தார்கள். பெயர் சொல்லத் தலைவரில்லை, முறையான சங்கமில்லை. சுமார் மூன்று வாரம் தாக்குப்பிடித்தார்கள். கூலி உயர்வு கேட்டு நடக்கும் வேலைநிறுத்தம் எங்கும் உண்டு. கட்டைவிரலின் மானத்துக்காக நடந்தது அபூர்வம்.

இரட்டைமலை சீனிவாசன் வழி வேறு. எதைச் சொல்லி ஏசினார்களோ அதையே தலைப்பாக்கி 1893இல் ‘பறையன்’ இதழை நடத்தினார். பிறகு ஆப்பிரிக்கா போய், தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து திரும்பியவர். நிறவெறியை நேரில் கண்ட அனுபவம் அவர் சட்டமன்றப் பேச்சுக்கு உரமாயிருக்கும் என்றே நினைக்கிறேன். பொதுச்சாலை, கிணறு எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்ற 1924 தீர்மானம் அவர் கொண்டுவந்தது. எம்.சி. ராஜாவும் இந்தச் சட்டமன்றப் பள்ளிதான். பலன் பெரிது, ஆனால் ஆணை ஊர்க் கிணற்றை எட்ட ஊருக்குள் ஆளும் அமைப்பும் வேண்டியிருந்தது.

மூன்றாவது பள்ளி சிறுத்தைகள். 1966இல் ஓக்லாந்தில் கறுப்புச் சிறுத்தைகள், 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள், 1982இல் மதுரையில் மலைச்சாமி தொடங்கிய அதன் தமிழகக் கிளை. ஓக்லாந்துக்காரர்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசக் காலைச் சிற்றுண்டி போட்டார்கள் என்பதை நம் மேடைகளில் யாரும் சொல்வதில்லை. துப்பாக்கிப் படம் மட்டும் பேனருக்கு வருகிறது. அதற்கும் முன்பே அம்பேத்கர் 1946இல் அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியது, கறுப்பர்கள் ஐ.நா.வுக்கு அனுப்பிய மனுவின் பிரதி கேட்டு. காரியத்துக்கான உறவு அது.

இந்த மூன்று பள்ளிகளின் வரலாற்றிலும் பெண்கள் பெயர் அடிக்குறிப்பில்தான் கிடக்கிறது. மீனாம்பாள் சிவராஜ் ஒருவரைச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறோம்.

இனி ஓசூர். சிப்காட்டில் ஷிப்ட் பஸ் வந்து நிற்கிறது; இறங்கும் பையனின் கழுத்து அட்டையில் கம்பெனி பெயர் இல்லை, காண்ட்ராக்டர் பெயர். வாசலில் விரலை வைத்தால்தான் கதவு திறக்கும். அரசியலமைப்பின் 16(4) அரசுப் பணியோடு நின்றுவிடுவதால், தனியார் ஆலையில் இடஒதுக்கீடு எட்டாது. சம்பளம் தங்கவயலைவிட மேல். ஆனால் அந்தச் சம்பளத்தில் ஓடும் நம் வார இதழ் எது, அச்சகம் எது, இரவுப் பாடசாலை எது? ஆண்டுக்கொரு முறை சிலைக்கு மாலை, அதற்கொரு மலர். மலர்ச் செலவுக்கோ கம்பெனிகளிடமும் கட்சிக்காரர்களிடமும் விளம்பரம். 2001இல் மூடிய சுரங்கத்தின் பிள்ளைகள் பெங்களூருக்கு ரயிலேறுகிறார்கள். அவர்கள் பாட்டன்மார் காசு போட்டு நடத்திய ஏட்டுக்கு ஈடாக ஓசூரில் நாம் இன்னும் ஒன்றும் தொடங்கவில்லை.