அருவிக்கும் பட்டா உண்டா?

குற்றாலத்தில் எத்தனை அருவி என்றால் விரல்விட்டு எண்ணுவீர்கள். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி, சிற்றருவி, மேலே செண்பகாதேவி, தேனருவி... 2022-ல் மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்கு வந்த பொதுநல வழக்கைப் படித்தால் இந்தக் கணக்கு உதைக்கும். சில தனியார் ரிசார்ட்டுகள் இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பி, தங்கள் காம்பவுண்டுக்குள்ளேயே அருவி கொட்ட வைத்திருக்கின்றன என்பது புகார். அந்த நவம்பரில், அப்படிப்பட்ட விடுதிகளைக் கண்டுபிடித்து மூடச் சொன்னது கோர்ட். ஆய்வுக்குக் குழுவும் போடச் சொன்னது.

யோசித்துப் பாருங்கள். பேரருவியில் லாரி டிரைவருக்கும் டாக்டருக்கும் ஒரே தண்ணிதான். தலையில் எண்ணெய் வழிய, முழங்கையால் இடிபட்டுக்கொண்டு நிற்பதுதான் அந்த ஊரின் அழகே! அந்த இடிபாடு பிடிக்காதவருக்கு, ரூம் வாடகையோடு சொந்தமாய் ஓர் அருவி.

'குளிச்ச தண்ணி மறுபடி ஓடைக்குத்தானே சார் போகுது?' என்பார்கள். எப்போது, எவ்வளவு, எந்தப் பக்கம் என்று முடிவு செய்வது யார்? இந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகி, தென்காசி வழியே குளம், வயல் எல்லாம் பார்த்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் சேர்கிறது. திருப்புகிறவர் மேலே, காத்திருக்கிறவர் கீழே.

நான் படித்தது பி.காம். வரவை ஒருத்தர் பேரிலும் செலவை இன்னொருத்தர் பேரிலும் எழுதினால் ஆடிட்டர் சும்மா விடமாட்டார். உலகமோ அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. நுகர்வால் வெளியேறும் கார்பனில் ஏறக்குறைய பாதி, வசதியான 10 சதவிகிதம் பேருடையது. ஏழைப் பாதி உலகத்தின் பங்கு சுமார் 10 சதவிகிதம்தான் என்று 2015-ல் ஆக்ஸ்ஃபாம் சொன்னது. ஏ.சி. காரில் சாரல் பார்க்கப் போகும் நாம் எந்தப் பத்தில் இருக்கிறோம் என்பது தனிக் கணக்கு!

2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம். 17 வயதுப் பையன் ஒருவனை அடித்துப்போய்விட்டது. அந்த ஒரு வெள்ளத்தைக் கார்பன் தலையில் கட்ட நான் தயாரில்லை. ஆனால், பூமி சூடாகச் சூடாகப் பெருமழை வலுக்கும் என்பது விஞ்ஞானம். மழை பெருத்தால் அருவியில் குளிக்கத் தடை. தடை விழுந்தால் ரிசார்ட்காரருக்கு நீச்சல் குளம் இருக்கிறது. எண்ணெய் தேய்த்துவிடுகிறவருக்கு, சிப்ஸ் கடைக்காரருக்கு, ரம்புட்டான் கூடைக்காரம்மாவுக்கு? அன்றைக்கு அடுப்பு எரிவதே சிரமம்.

திரிகூட ராசப்பக் கவிராயர், குற்றாலக் குறவஞ்சியில் மலைவளம் சொல்லும் வேலையை ஒரு குறத்தியிடம்தான் கொடுத்தார். இன்று அவள் வந்தால் கேட்டிலேயே வாட்ச்மேன் நிறுத்தி, 'புக்கிங் இருக்கா?' என்பார்.

அடுத்த சீசனுக்கு ரூம் போடுகையில், 'பிரைவேட் ஃபால்ஸ் உண்டு சார்' என்று யாராவது ஆசை காட்டினால், 'எந்த ஓடைத் தண்ணி?' என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.